கிறிஸ்துமஸ் நேரத்தில் வீடு போய்ச் சேராதவர்களுக்குக் கைகொடுத்த முகம் தெரியாதவர்கள்

பாளையங்கோட்டைக்காரி
டிசம்பர் 11, இரவு 9:15

எல்லாருக்கும் வணக்கம். தெருவில் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கேரல் ரவுண்ட்ஸ் எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்றும் சொல்லிவிட்டார்கள். கேக், கல்கல், முந்திரிக்கொத்து பற்றி இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடுகின்றன. நான் கேட்க வந்தது வேறு.

டிசம்பர் 24 இரவு வீட்டில் இருக்கத்தான் யாருக்கும் ஆசை. ஆனால் அன்றைக்கும் பஸ் ஓட்ட ஆள் வேண்டும், வார்டில் நர்ஸ் வேண்டும். டிக்கெட் கிடைக்காமல் அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றபடியே ஊர் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் இவர்களுக்குச் சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. எதிரே யார் வருகிறாரோ அவர்தான். அப்படி முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கோ, உங்கள் கண் முன்னால் வேறு ஒருவருக்கோ செய்ததைச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொடுப்பதை இதில் சேர்க்கவில்லை. நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தத் தட்டு தீபாவளிக்கு நிரம்பித் திரும்பி வந்துவிடும். திருப்பிச் செய்ய வழியே இல்லாதவருக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2023. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், மேலே போகப் பாதை இல்லாமல் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தாமிரபரணிக் கரை
டிசம்பர் 11, இரவு 10:02

அக்கா, அந்த ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் சித்தப்பா வீடு. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 19ஆம் தேதிதான் மீட்புப் படையினர் பயணிகளை முழுவதுமாக வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து வேறு ரயிலில் ஏற்றினார்கள். அதுவரை கோயிலில் வைத்துச் சமையல். வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடைக்குப் போய் வாங்கிவர வழியில்லை. மறுநாள் தங்கள் வீட்டுக்கு வேண்டுமே என்று யோசித்திருந்தால் அந்த அரிசி வெளியே வந்திருக்காது.

நான் சொல்ல நினைத்தது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீடெல்லாம் முழங்கால் அளவுக்குச் சகதி. சித்தப்பா குடும்பம் கிறிஸ்தவர்கள். அந்த வருடம் ஸ்டார் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. 23ஆம் தேதி காலையில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு வேனில் பையன்கள் வந்து இறங்கினார்கள், கையில் மண்வெட்டி, சட்டி, பினாயிலோடு. எந்த வீடு யாருடையது என்று கேட்கவில்லை. தெருமுனையில் தொடங்கி வரிசையாகச் சகதியை அள்ளிக்கொண்டே வந்தார்கள்.

அதில் ஒரு பையன், கல்லூரி படிக்கிறவனாக இருக்கும், சித்தியின் கல்யாண ஆல்பத்தைக் குப்பையிலிருந்து எடுத்தான். சித்தி வேண்டாம், போய்விட்டது என்றே சொல்லிவிட்டார். அவன் ஒரு அகலப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் கேட்டான். ஒட்டிக்கொண்ட படங்களைத் தண்ணீருக்குள் வைத்தே மெதுவாகப் பிரித்தான். படத்தின் முகப்பில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டினான். காயவிட்டுப் பிறகு பிரித்தால் கிழிந்துவிடும், ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும் என்று சித்திக்கும் சொல்லிக் கொடுத்தான். மத்தியானம் வரைக்கும் அந்த ஒரு வேலைதான் செய்தான். மற்ற பையன்கள் கிண்டல் பண்ணவில்லை, அவன் பங்குச் சகதியையும் சேர்த்து அள்ளினார்கள்.

பாதிப் படங்கள் தப்பின. பெயர் கேட்டு வைக்கவில்லையே என்று சித்தி இன்றைக்கும் சொல்வார்.

கொடைரோடு குமரன்
டிசம்பர் 11, இரவு 10:20

ஆல்பம் கழுவிய அந்தத் தம்பி எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

ஈஸ்ட்ஹாம் செவிலி
டிசம்பர் 12, அதிகாலை 3:48

நைட் டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் டிசம்பர் 25 அன்று பொதுப் போக்குவரத்தே கிடையாது. பாதாள ரயில் இல்லை, பஸ் இல்லை, வெளியூர் ரயில் இல்லை. 24 மாலையிலேயே வண்டிகள் குறைந்துவிடும். ஊரில் பண்டிகை என்றால் ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். இங்கே இருப்பதையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் ஓட வேண்டும். கார் இல்லாத நர்ஸும் துப்புரவு ஊழியரும் எப்படிப் போவது? டாக்ஸிக்கு அன்றைக்கு வாங்குகிற காசில் பாதிச் சம்பளம் போய்விடும்.

நான் வந்த முதல் வருடம் அன்று காலை டியூட்டி. நடந்தே போய்விடலாம் என்று முடிவு செய்து, பையில் கனமான சாக்ஸ் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். 24 சாயங்காலம் கதவைத் தட்டினார் கீழ்வீட்டு அம்மா. ஜமைக்காவிலிருந்து வந்தவர். அதுவரை மாடிப்படியில் ஒரு குட்மார்னிங் சொன்னதோடு சரி. நான் யூனிஃபார்ம் மேல் கோட் போட்டுக்கொண்டு விடியற்காலையில் போவதை அவர் சன்னல் வழியே பார்த்திருக்கிறார். நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு வேலை என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய மகன் கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தலையில் தூக்கக் கலக்கத்தோடு மாட்டிய சிவப்புக் குல்லாய். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், சாயங்காலம் எத்தனை மணிக்கு முடியும் என்று பதிலுக்குக் கேட்டார்.

இப்போது எங்கள் வார்டில் டிசம்பர் முதல் வாரமே ஒரு பட்டியல் எழுதிவிடுகிறோம். கார் யாரிடம் இருக்கிறது, யார் எந்தப் பக்கம் போகிறார், வழியில் யாரை ஏற்றலாம். வேறு வார்டு ஆட்கள், கேன்டீன் ஆட்கள், பெயரே தெரியாதவர்கள்கூட அதில் உண்டு. இன்னொன்றும் செய்வோம். குழந்தை இருக்கிற கிறிஸ்தவ நர்ஸ்களுக்காக எங்களைப் போன்றவர்கள் 25ஆம் தேதி ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கும் ஈத்துக்கும் அவர்கள் எடுப்பார்கள். (இது திருப்பி வருகிற தட்டு என்று பாளை அக்கா சொல்லலாம், சொல்லுங்கள்.)

எதிர்க்கேள்வி
டிசம்பர் 12, காலை 8:30

எல்லாம் படித்தேன். மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் கணக்கு எழுதுகிறேன். டிசம்பர் 25 அன்று மதியச் சாப்பாடு கொடுக்க நாங்கள், நாங்கள் என்று போட்டி. ஒரே நாளில் மூன்று இடத்திலிருந்து பிரியாணி வரும். கேக் பெட்டிகள் அடுக்கி வைக்க இடமில்லை. சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிகளுக்கு அதைக் காட்டிக் காட்டிப் படம் எடுப்பார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் கேஸ் சிலிண்டர் தீர்ந்து நான் பத்துப் பேருக்கு போன் போட வேண்டியிருக்கும். இந்த டிசம்பர் கருணை யாருக்காக? கொடுக்கிறவருக்குப் பண்டிகை நன்றாக இருந்தது என்ற திருப்திக்காகவா?

படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு பாட்டி எங்களிடம் இருக்கிறார். அவருடைய ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். அதைப் பார்த்த பிறகு எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் எளிதாக மனம் ஒட்டுவதில்லை.

பாளையங்கோட்டைக்காரி
டிசம்பர் 12, காலை 9:11

சார், நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. அந்தப் பாட்டியைப் பற்றிப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் நீங்கள் சொல்வதற்கும் இங்கே சொல்லப்பட்டதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. பிரியாணி கொண்டுவருகிறவர் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து வருகிறார். அந்த ஜமைக்கா அம்மா எதிரே இருப்பவளுக்கு என்ன தேவை என்று பார்த்திருக்கிறார். எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் இல்லத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் முன்கூட்டியே போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்?

செவிலி அக்கா, ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதைச் சேர்த்துக்கொள்கிறேன். பெயர் தெரியாதவருக்கும் கார் போகிறது, அது போதும்.

எதிர்க்கேள்வி
டிசம்பர் 12, காலை 9:25

கேட்கிறவர் மிகக் குறைவு. கேட்டால் அடல்ட் டயப்பர், கொசுவலை, ஒரு வீல்சேர் டயர் என்று சொல்வேன். பல பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

மதுரை ரத்தக் குழு
டிசம்பர் 12, மாலை 6:40

நான் ரத்த தானத்துக்கு ஆள் திரட்டித் தருகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். டிசம்பர் எங்களுக்குக் கடினமான மாதம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னால் டெங்கு கூடும். ரத்தப்போக்கு வந்துவிட்ட டெங்கு நோயாளிக்குத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏற்ற வேண்டியிருக்கும். சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் குளிரில் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் அப்படி இல்லை. அறை வெப்பத்தில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிற மெஷினில் வைத்தாலும் 5 நாள்தான் ஆயுள். முன்கூட்டிச் சேர்த்து வைக்க முடியாது, அந்தந்த வாரம் ஆள் வந்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கல்லூரி ஹாஸ்டல்கள் காலி. வழக்கமாக வருகிற பையன்கள் எல்லாம் ஊரில்.

சில வருடம் முன்பு, 24 இரவு ஏழு மணி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விருதுநகர் பக்கத்துச் சிறுமிக்கு பி நெகட்டிவ் தட்டணு வேண்டும். எங்கள் பட்டியலில் இருந்த ஒருவரும் ஊரில் இல்லை. கடைசியாக ஒரு நம்பருக்கு அடித்தால், அவர் மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்கிறார். சரி சார், பரவாயில்லை என்று வைக்கப் போனேன். குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஏழு என்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

மெஷினில் தட்டணு மட்டும் எடுப்பதென்றால் ஒன்றரை மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். ரத்தம் வெளியே வந்து, தட்டணு பிரிந்து, மீதி திரும்ப உடம்புக்குள் போகும். அதற்கு முன்னால் பரிசோதனை, ரிசல்ட் வரக் காத்திருப்பு. சமீபத்தில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் எடுக்க மாட்டார்கள், அதெல்லாம் கேட்டு முடிக்கவே நேரம் ஆகும். அவர் படுத்துக்கொண்டே வீட்டுக்குப் பேசினார். "ராத்திரி பூசைக்கு நீ பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிரு, நான் காலைப் பூசைக்கு வந்திருவேன்." அவ்வளவுதான். ஏன் என்று மனைவியிடம்கூட விளக்கமாகச் சொல்லவில்லை.

சிறுமியின் அப்பா கையில் நானூறோ ஐந்நூறோ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வாங்கமாட்டார் என்று தெரிந்ததும், அவரே கூட மாட்டுத்தாவணிக்குப் போய், கிளம்பத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸின் டிரைவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சீட்டு இல்லை. டிரைவர் இன்ஜின் பக்கத்தில் தன் போர்வையை மடித்துப் போட்டு, ரத்தம் கொடுத்த உடம்பு, நிற்கக் கூடாது என்று உட்கார வைத்திருக்கிறார். காலையில் பூசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக எனக்கு மெசேஜ் வந்தது.

எதிர்க்கேள்வி
டிசம்பர் 12, மாலை 7:05

என்னுடையது ஓ பாசிட்டிவ். தட்டணு கொடுத்ததில்லை. பெயர் பதிந்துகொள்ளுங்கள், டிசம்பருக்கு மட்டுமல்ல. தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.

ஸ்கார்பரோ பனை
டிசம்பர் 13, காலை 7:52

அண்ணாக்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில 2013 டிசம்பர் 21, 22இல் வந்த உறைமழையைப் பற்றி ஆரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். மழை விழும்போது தண்ணீர்தான், பட்ட இடத்தில கண்ணாடி மாதிரி உறைஞ்சு போகும். மரக்கொப்புகள் பாரம் தாங்காமல் முறிஞ்சு கரண்ட் வயருக்கு மேல விழுந்தது. நகரத்தில மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. சில இடங்களுக்குக் கிறிஸ்மஸ் கழிஞ்சும் வரவில்லை. வெளியில சுழியத்துக்குக் கீழே குளிர்.

கன பேருக்கு விளங்காத விஷயம் ஒன்று இருக்கு. வீட்டைச் சூடாக்கிறது காஸ்தான், ஆனால் அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளுகிற விசிறி கரண்டில ஓடுறது. கரண்ட் போனால் காஸ் இருந்தும் வீடு குளிர்ந்து போகும். மாடிக் கட்டடங்களில லிஃப்ட் இல்லை, பம்ப் நின்றால் தண்ணீரும் இல்லை.

நாங்கள் இருந்தது பதினோராம் மாடி. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இறங்க ஏலாது. எங்களுக்கு மேல் மாடியில ஒரு பிலிப்பினோ குடும்பம் இருந்தது, கதைச்சதே இல்லை. அந்த வீட்டுப் பெடியன் ஒவ்வொரு மாடியாக இறங்கிக் கதவைத் தட்டி, ஆர் வயது போனவர்கள், ஆருக்கு இன்சுலின், ஆருக்குக் கைக்குழந்தை என்று கொப்பியில எழுதிக்கொண்டு போனான். பிறகு அவனும் எங்கட தம்பிமாரும் சேர்ந்து படிக்கட்டால தண்ணீர்ப் போத்தல் தூக்கினார்கள். கட்டடத்துக்கு அடுத்த தெருவில ஒரு பக்கம் கரண்ட் இருந்தது, மற்றப் பக்கம் இருட்டு. கரண்ட் இருந்த வீட்டுக்காரர் ஒருவர் கராஜைத் திறந்து விட்டு, ஒரு மேசையில பிளக் பலகைகளை அடுக்கி, ஆரும் வந்து போன் சார்ஜ் பண்ணலாம் என்று மட்டையில எழுதி வைச்சிருந்தார். கெற்றிலில சுடுதண்ணீர் கொதிச்சபடி. 24ஆம் தேதி அங்கேதான் நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, சுகமாக இருக்கிறம் என்று சொன்னது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். அப்படி நேரத்தில வீட்டுக்குள்ள கரி அடுப்போ ஜெனரேட்டரோ வைக்கக் கூடாது. அந்த வாரம் அதாலேயே ஆட்கள் செத்தார்கள். அந்தப் பெடியன் அதையும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனான்.

வள்ளியூர் பைபாஸ்
டிசம்பர் 13, மதியம் 1:30

நான் வேறு ஒரு கோணம் சொல்கிறேன். தனியாக வருகிற பெண்ணுக்கு, ராத்திரி நேரத்தில் முகம் தெரியாதவர் உதவ வந்தாலே முதலில் பயம்தான் வரும். நல்லவரா என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. அதனால் நமக்குப் பக்கத்தில் வராமல் செய்கிற உதவிதான் பல நேரம் பெரிய உதவி.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், இரவில் பல பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ஒரு 24ஆம் தேதி ராத்திரி பதினொன்றேகால் மணிக்கு இறங்கினேன். அண்ணன் பைக்கில் வந்துகொண்டிருந்தான், வழியில் டயர் பஞ்சர். லாரி மட்டும் போகிற ரோடு. கண்டக்டர் படியில் நின்று பார்த்துவிட்டு, யாரும்மா வருவா என்று கேட்டார். சொன்னேன். இறங்கி வந்து பேசவில்லை. டிரைவரிடம் ஏதோ சொன்னார், பஸ்ஸை ஓரங்கட்டி ஹெட்லைட்டை எரியவிட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளே நாகர்கோவில் போகிற ஜனம், பாதிப் பேர் நடுராத்திரி ஆராதனைக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்க்கிறவர்கள். ஒருவர்கூட வண்டியை எடுங்க என்று சத்தம் போடவில்லை. சன்னலோரம் இருந்த ஒரு அம்மா என் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார். அண்ணன் இரவல் பைக்கில் வந்து நின்ற பிறகுதான் பஸ் கிளம்பியது. கண்டக்டர் விசில் ஊதினதோடு சரி, நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நாகைத் துறை
டிசம்பர் 13, இரவு 8:05

கிறிஸ்துமஸ் நேரத்து உதவி என்று கேட்டதால் இதை எழுதலாமா என்று தயங்கினேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்திருந்த வெளியூர் ஜனம் அத்தனை பேரும் கடற்கரையில் இருந்த நேரம். அன்றைக்கு என்ன நடந்தது என்று திரும்பச் சொல்ல வேண்டாம்.

உயிர் பிழைத்தவர்கள் செருப்பில்லாமல், பர்ஸ் இல்லாமல், கிழிந்த துணியோடு மேற்கே நடந்து வந்தார்கள். செல்போன் எல்லார் கையிலும் இல்லாத காலம். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத். லைன் கிடைப்பதே கஷ்டம். பூத்துக்காரர் மீட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். நம்பர் நினைவில் இருந்தவர்களுக்கு அவரே விடாமல் டயல் செய்து கொடுத்தார். நம்பர் மறந்து போனவர்கள் ஊரையும் தெருவையும் சொன்னார்கள், அதை ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி முழுக்க அந்தந்த ஊர்க் கடைகளுக்கு, போலீஸ் ஸ்டேஷன்களுக்கு அடித்து, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். அந்த மாத பில்லை எப்படிக் கட்டினாரோ. பெண்கள் வீட்டு வாசலில் சேலைகளை மடித்து அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், எடுக்கிறவர்கள் கூச்சப்படாமல் எடுக்கட்டும் என்று.

பெரிய அளவிலும் நடந்தது. நாகூர் தர்கா, இறந்தவர்கள் எந்த மதம் என்று பார்க்காமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாத்தார் சுற்றியிருந்த மீனவ கிராமங்களுக்குச் சோறு போட்டார்கள். ஆனால் எனக்கு மனதில் நிற்பது மீட்டர் மேல் கிடந்த அந்தத் துண்டுதான்.

மிலான் மாணவன்
டிசம்பர் 14, மாலை 4:17

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு வழக்கம். காபி குடிக்க வருகிறவர் இரண்டு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் குடித்துவிட்டுப் போவார். இன்னொன்று, காசில்லாமல் வந்து கேட்கிற யாருக்கோ. கொடுத்தவர் யாரென்று குடித்தவருக்குத் தெரியாது. நடுவில் அது மங்கிப் போய், பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மறுபடி பரவியது. 2011 முதல் டிசம்பர் 10ஆம் தேதியை அதற்கான நாளாகவும் வைத்திருக்கிறார்கள். எதிர்க்கேள்வி சாரின் பாட்டிக்கு வந்த சங்கடம் இதில் வராது. நம் ஊர் டீக்கடைகளில் இதைச் செய்தால் என்ன?

ஆஸ்பத்திரி எதிர் டீக்கடை
டிசம்பர் 14, இரவு 11:36

தம்பி, நான் நாகர்கோவிலில் டீக்கடை வைத்திருக்கிறேன், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எதிரே. நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு மூன்று பேர் கூடுதல் காசு கொடுத்துவிட்டுப் போனதுண்டு. போர்டு எழுதி மாட்டியும் பார்த்தோம். ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை. நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். வீட்டில் நல்லா இருந்து, ஆஸ்பத்திரிச் செலவில் கை வறண்டு போனவர்கள் இவர்கள். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் அவர்களுக்கு.

அதனால் போர்டை எடுத்துவிட்டோம். ஆளைப் பார்த்தால் மாஸ்டருக்கே தெரியும். பிளாஸ்க்கோடு வந்து, பால் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, சரி வெந்நீர் மட்டும் கொடுங்க என்பார்கள். கையில் சில்லறையை எண்ணிப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு வெந்நீர் ஊற்றும்போது கூட ஒரு டீ ஊற்றி வைப்பார், பார்சல் ஒன்று கூடப் போட்டுட்டேன், ஆறிப் போயிரும், குடிங்க என்பார். கூடுதல் காசு எல்லாம் அந்தக் கணக்கில் கழியும்.

நான் முஸ்லிம். பக்கத்துக் கடை அண்ணாச்சி கிறிஸ்தவர். 24 ராத்திரி அவர் கடை பூட்டியிருக்கும், சுற்றி எல்லாக் கடையும் பூட்டியிருக்கும். நான் விடிய விடிய திறந்து வைப்பேன், அவர் வழக்கமாகக் கொடுக்கிற வார்டு ஆட்களுக்கும் சேர்த்து. ரமலான் பெருநாள் அன்றைக்கு அவர் திறப்பார். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஒரு வருடம் நான் திறந்திருப்பதைப் பார்த்தார், அடுத்த பெருநாளுக்கு அவர் திறந்துவிட்டார்.

மிலான் மாணவன்
டிசம்பர் 15, காலை 11:02

அண்ணா, போர்டை எடுத்த காரணம் புரிந்தது. நான் ஊர் வரும்போது உங்கள் கடைக்கு வருகிறேன்.

எதிர்க்கேள்வி
டிசம்பர் 15, மாலை 5:20

டீக்கடை பாய், ஒரு யோசனை. எங்கள் இல்லத்துக்கு 25ஆம் தேதி மதியம் வருகிற பிரியாணியில் ஒரு பங்கை வேறு பக்கம் திருப்பிவிடச் சொல்லி, இன்று காலை கொடுக்கிறவர்களிடம் பேசினேன். இரண்டு குடும்பங்கள் சம்மதித்தார்கள். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு, துணைக்கு இருக்கிறவர்கள் வெளியேதான் வாங்க வேண்டும். அன்றைக்கு ஹோட்டல் எதுவும் இருக்காது. அவர்களிடம் எப்படிக் கொடுப்பது? வரிசையில் நிற்கவைக்க எனக்கு விருப்பமில்லை. படம் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி எதிர் டீக்கடை
டிசம்பர் 15, இரவு 11:50

வரிசை வேண்டாம் சார். பொட்டலமாகக் கட்டி, ஒரு மணிக்கு முன்னால் வார்டு வாசல் செக்யூரிட்டியிடமும் ஆயாம்மாக்களிடமும் கொடுங்கள். யார் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள், அவர்களும் அன்றைக்கு வீட்டில் இல்லை. பிரியாணியோடு நாலைந்து பொட்டலம் தயிர்சாதமும் சேருங்கள். சைவக்காரர்கள் இருப்பார்கள், உடம்பு சரியில்லாத துணைக்காரர்களும் இருப்பார்கள்.

வள்ளியூர் பைபாஸ்
டிசம்பர் 16, காலை 7:40

இந்த இழையை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற அக்கா ஒருத்தர், 24 ராத்திரி பத்து மணியிலிருந்து பைபாஸ் நிறுத்தத்தில் வண்டியோடு இருக்கிறேன் என்கிறார். நானும் அம்மாவும் கூட இருப்போம். அந்தப் பக்கம் இறங்குகிற பெண்கள், வயதானவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லி வையுங்கள். ராதாபுரம் ரோடு வரைக்கும் கொண்டுவிடுவார். பைக் வைத்திருக்கிற இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறேன், சாயங்காலம் சொல்கிறார்கள்.